மாசத்துக்கொரு சேட்டு

நாலாவது சேட்டின் இடது கை ஏறவில்லை. எமில்டா மாமனார் மத்தேயுவின் முழங்கையைப் பிடித்து மெல்ல மடித்துப் பார்த்தாள். எலும்பும் தோலுமாகிப்போன கை, மடிக்கிற இடத்தில் மட்டும் பிடிவாதமாக நின்றது. கட்டிலில் முழங்காலூன்றி அவருடைய முதுகைத் தாங்கிக்கொண்டிருந்த மாமி அற்புதம், மூன்று படம் எடுத்தாயிற்றுத்தானே, அது காணும் என்றாள்.

"ஏழு" என்றார் மத்தேயு. கொஞ்சம் மூச்செடுத்துக்கொண்டு மிச்சத்தைச் சொன்னார். "ஏழு மாசம் கிடக்கு. மாசத்துக்கு ஒண்டு."

ஒருவாறு கை ஏறியது. எமில்டா சட்டைப் பொத்தான்களைப் பூட்டி, தலையை வாரிவிட்டு, இரண்டடி பின்னால் போய்ப் போனை உயர்த்தினாள். படத்தில் விழாதபடி அற்புதம் அவருடைய முதுகுக்குப் பின்னால் குனிந்துகொண்டாள். மத்தேயு வாய்க்குள் காற்றை அடைத்துக் கன்னங்களை உப்பினார். சரியோ என்று புருவத்தால் கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் குறையுங்கோ மாமா. பேத்தை மீன் மாதிரிக் கிடக்கு."

முதுகுக்குப் பின்னால் அற்புதம் சிரித்துவிட்டாள்.

போன் சடக்கென்றது.

வீடு முழுக்கக் கேட்கிற சத்தம் அது. எமில்டாவின் கணவன் றொமேஸ் கொரியாவில் வாங்கி, லீவில் வந்த கூட்டாளி ஒருவனிடம் கொடுத்துவிட்ட போன். நல்ல கமரா, இங்கே இந்த விலைக்குக் கிடைக்காது என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தான். வந்தபோது அதிலிருந்த எழுத்தெல்லாம் கொரிய எழுத்து. முல்லைத்தீவு ரவுணில் போன் கடை வைத்திருக்கும் சுதாகரன் அதைத் தமிழுக்கு மாற்றிக் கொடுத்தான். படம் எடுக்கும்போது வரும் சத்தத்தை மட்டும் அவனால் நிறுத்த முடியவில்லை. களவாக ஒருவரையும் படம் எடுக்கக்கூடாதென்று அந்த நாட்டுப் போன்களை அப்படித்தான் செய்கிறார்களாம். தோண்டிப் பார்க்கலாம், போன் திறபடாமல் போனால் தன்னைக் கேட்கக்கூடாது என்றான். றொமேசிடம் சொன்னபோது அவன் சிரித்தான். நல்லதுதான், நீ எனக்குப் படம் எடுக்கிறாய் என்று ஊருக்கே தெரியட்டும் என்றான். அதற்குப் பிறகு எமில்டாவுக்கு அந்தச் சத்தம் கொஞ்சம் பிடித்துப்போயிருந்தது.

நேற்று அது அவளைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

மூன்று கிழமைக்கு முன்னர் மத்தேயுவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்றார் டொக்டர். றொமேசுக்குக் கேஸ்ரிக் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். அப்படித்தான் சொல்லவேண்டும் என்று மத்தேயு இரண்டு பெண்களையும் செபமாலையில் கைவைக்கச் சொல்லி வாக்கு வாங்கியிருந்தார். றொமேஸ் கொரியாவில் மீன் பண்ணையில் வேலை செய்கிறான். இன்னும் ஏழு மாதம் அதே முதலாளியிடம் நின்று முடித்தால் திரும்பவும் கூப்பிடுவார்கள். இடையில் வந்தால் அவ்வளவுதான். அவன் வந்தால் திரும்பிப் போகமாட்டான், ஊரில், நாயாற்றுக் கடலிலேயே வலையோடு இறங்கிவிடுவான் என்பது மத்தேயுவுக்குத் தெரியும். நாற்பது வருடம் அந்தக் கடலில் இறங்கியவர், மகன் அதில் இறங்கக்கூடாது என்பதில் மட்டும் கல்லுப்போல நின்றார்.

எமில்டாவை அரித்தது வேறு. நான்கு வருடத்துக்கு முன்னர் எயாப்போட்டுக்குப் போகும் வான் புறப்படும்போது றொமேஸ் அவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்ன சொல். "இவையள் எல்லாரும் எனக்கு ஒளிப்பினம். நீ ஒளிக்காதை." அவன் வேறெதையும் அவளிடம் கேட்டதில்லை. மூன்று கிழமையாக ஒவ்வொரு நாளும், அப்பா எப்படி என்று அவன் கேட்க, நித்திரை, சாப்பிட்டவர், பரவாயில்லை என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதனால்தான் நேற்று, அவர் கண்மூடிக் கிடந்தபோது, பிறகு றொமேசுக்குக் காட்ட ஒரு படமாவது இருக்கட்டும் என்று போனை எடுத்தாள். சத்தம் வரும் ஓட்டையை விரலால் அடைத்துத்தான் அழுத்தினாள். அடைத்தும் அது சடக்கென்றது. மத்தேயு கண்ணைத் திறந்து அவளையே பார்த்தார். கோபப்படவில்லை. யோசித்தார்.

விடிந்ததும் அலுமாரியிலுள்ள சேட்டுகளை எல்லாம் எடுத்துவரச் சொன்னார். எல்லாவற்றையும் இன்றைக்கே எடுத்து வைக்கவேண்டும், தான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் றொமேசுக்கு மாதம் ஒரு படம் போகவேண்டும் என்றார். ஐந்துதான் இருந்தன. மற்ற இரண்டுக்கும் றொமேசின் சேட்டுகளைப் போடலாம் என்று அவர் சொல்ல, றொமேஸ் தன்னுடைய சேட்டை அடையாளம் கண்டுவிடுவார் என்றாள் எமில்டா. ஏழு மாதத்துக்கு ஒரு செத்தவீட்டுச் செய்தியை எப்படி மறைப்பது என்று அவள் கேட்டதற்கு, "அது உங்கடை கெட்டித்தனம்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஐந்தாவது சேட்டைப் போட்டபோது கன்னத்தை உப்ப அவருக்கு மூச்சு வரவில்லை. அதைப் பின்னேரம் பார்ப்போம் என்று படுத்தார். முதலாவதை மட்டும் இப்போதே அனுப்பச் சொன்னார்.

வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. கடலேரிக் கரையில் கவிழ்த்து வைத்திருக்கும் மத்தேயுவின் பழைய மீன்பிடிப் போட்டின் மேல் ஏறி நின்றால்தான் வரும். வீட்டில் அதற்கு 'டவர்' என்று பெயர். எமில்டா உச்சி வெயிலில் டவரில் ஏறி, நீலச் சேட்டுப் படத்தை அனுப்பிவிட்டு வந்தாள்.

அற்புதம் குசினியில் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தாள். எமில்டா ஈரத்துணியால் அவருடைய கழுத்தைத் துடைத்தாள்.

"பாத்தானோ?" என்றார் மத்தேயு.

"இன்னும் இல்லை மாமா. வேலையிலை நிப்பார்."

"வேலையிலை நிக்கட்டும்."

அதன் பிறகு இரண்டு மூச்சுக்கு நடுவில் நீண்ட இடைவெளி வந்தது. அடுத்த மூச்சுக்காக எமில்டா துணியைப் பிடித்தபடி காத்திருந்தாள். துணியிலிருந்து தண்ணீர் சொட்டிச் சேட்டின் கொலர் நனைந்தது. அப்போதுதான் அவள் மாமியைக் கூப்பிட்டாள்.

அற்புதம் கஞ்சிக் கோப்பையை நிலத்தில் வைத்தாள். அவருடைய கண்களை மூடிவிட்டாள். நெற்றியில் சிலுவை வரைந்தாள். ஒரு சத்தம் அவளுடைய தொண்டைவரை வந்ததை எமில்டா பார்த்தாள். அற்புதம் சேலைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள். பிறகு எழுந்துபோய், பகலில் ஒருநாளும் சாத்தாத முன்கதவைச் சாத்தினாள்.

சுவாமியாருக்குச் சொல்லவேண்டும் என்றாள் எமில்டா. தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. காலையிலிருந்து கழற்றிப் பூட்டிய சேட்டுகள்தான் அவருடைய மூச்சைக் குறைத்தனவோ என்ற எண்ணம் உள்ளே ஓடத் தொடங்கியிருந்தது.

அற்புதம் தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள். "சொன்னா கோயிலிலை துக்கமணி அடிப்பினம். மணி அடிச்சா ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிஞ்சா கொரியாவுக்குத் தெரியும்."

உண்மைதான். ஊர்ப் பொடியள் ஆறுபேர் அங்கே இருந்தார்கள். மணி ஓய முதலே யாராவது படத்தோடு பேஸ்புக்கில் போட்டுவிடுவார்கள். றொமேஸ் சோற்றுக்கு முன்னால் இருந்து அதைத் தட்டிப் பார்ப்பான்.

அற்புதம் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தாள். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், அதையும் செய்யாமல் விடுவதா என்றாள். பொழுதுபட்டபிறகு சுவாமியாரிடம் தனியே கதைக்கலாம், மணி வேண்டாம் என்று சொல்லலாம், சொந்தக்காரரிடம் ஒருவரும் போனில் போடவேண்டாம் என்று கேட்கலாம். சொல்லச் சொல்ல அவளுக்கே அது நடவாது என்று தெரிந்தது. ஆனாலும் சொல்லிக்கொண்டே போனாள்.

எமில்டா அவளுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"மாமி, ஏழு மாசம் கழிச்சு அவர் வந்து, அப்பா எங்கை எண்டு கேட்டா, நான் எந்தச் சேட்டைக் காட்டுறது?"

முற்றத்தில் கோழி ஒன்று கேறிவிட்டு ஓய்ந்தது. கட்டிலில் கிடந்தவரின் காலை அற்புதம் தடவினாள்.

"அவன் இதை வேறை ஆற்றை வாயாலையும் கேட்கக்கூடாது" என்றாள் கடைசியில். "நீ போய்ச் சொல்லு. நீ சொல்லி முடியுமட்டும் நான் வாய் திறக்கமாட்டன். கெதியாப் போ பிள்ளை."

எமில்டா செருப்பில்லாமலே ஓடினாள். மணல் சுட்டது. ஓடுகிறவளை யாரும் பார்த்தால் கேட்பார்கள் என்று நினைத்து நடந்தாள். பாதி வழியில் தங்கராசா சைக்கிளில் எதிரே வந்தார். மத்தேயுவோடு ஒன்றாகத் தொழில் செய்தவர். சைக்கிளை நிறுத்திக் காலூன்றி, மத்தேயு எப்படி, போய் ஒருக்கால் எட்டிப் பார்க்கவோ என்று கேட்டார்.

"இப்பதான் நித்திரை" என்றாள். "பின்னேரம் வாங்கோ."

"காலமை உங்கடை வாசலாலை போகேக்கை சத்தம் கேட்டுது. படம் எடுத்தனீங்களோ?"

"ஓம்."

"அப்ப தேறிட்டான்." அவர் சிரித்துக்கொண்டே மிதித்துப் போனார்.

போட்டின் மேல் ஏறி நின்றதும் போன் நடுங்கியது. றொமேசிடமிருந்து மூன்று செய்திகள். அப்பாவுக்குக் கன்னம் வைச்சிட்டுது. நான் சும்மா பயந்து செத்தன். நீலச் சேட்டோடை மாப்பிள்ளை மாதிரி இருக்கிறார், ஆனா உன்ரை படம் எங்கை?

அவள் வாசித்துவிட்டு அழைத்தாள். அடித்து ஓய்ந்தது. திரும்ப அழைத்தாள். அங்கே மூன்றரை மணித்தியாலம் கூட, இருட்டியிருக்கும், வேலை முடிந்திருக்கும். வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். கதவு பாதி திறந்திருந்தது. அந்த இடைவெளியில் அற்புதம் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு தூரத்திலும் அவளுடைய வாயில் தலைப்பு இருப்பது தெரிந்தது. எத்தனை நிமிடம் அப்படி நிற்பாள்? தங்கராசா திரும்பி வந்தால்? மூன்றாம் தடவையும் அவன் எடுக்கவில்லை. நாலாம் முறையாக அழைத்தாள்.

வீடியோவில் றொமேஸ் வந்தான். ஈரத்தலை, தோளில் துவாய், கையில் சோற்று அகப்பை.

"என்ன, இந்த வெயிலுக்கை டவரிலை ஏறி நிக்கிறாய்?"

"அப்பா போயிட்டார்."

"எங்கை? ஆஸ்பத்திரிக்கோ?"

அவன் அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அகப்பையை எங்கேயோ வைத்தான். அது விழுந்த சத்தம் கேட்டது.

"எப்ப?"

"ரெண்டு மணிபோலை."

"அப்ப அந்தப் படம்?"

"காலமை எடுத்தது."

பிறகு அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மூன்று கிழமையையும், செபமாலையையும், சேட்டுகளையும், உப்பிய கன்னத்தையும், எதையும் வரிசையாக இல்லாமல் சொன்னாள். ஒளித்தது தான்தான் என்பதை இரண்டு தடவை சொன்னாள். அவன் ஏசுவான் என்று காத்திருந்தாள். ஏசினால் நல்லது என்றுகூட நினைத்தாள். அவன் துவாயால் முகத்தைத் துடைத்தான். துடைத்துவிட்டுத் திரும்பவும் துடைத்தான்.

"அம்மான்ரை சத்தம் ஒண்டும் கேக்கேல்லை" என்றான்.

"நான் உங்களுக்குச் சொல்லி முடியுமட்டும் அழமாட்டன் எண்டவா."

"தனியவே நிக்கிறா?"

"ஓம். வாசல்லை. என்னைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறா."

அவன் எங்கோ பார்த்தான். அவனுக்குப் பின்னால் யாரோ கொரிய மொழியில் எதையோ கேட்க, இல்லை என்று தலையாட்டினான்.

"கையைக் காட்டு அவவுக்கு" என்றான். "அழச் சொல்லு."

எமில்டா வீட்டுப் பக்கம் திரும்பி, இடது கையை உயர்த்தினாள்.

அற்புதம் உடனே நம்பவில்லை. பிறகு கதவின் இரண்டு பக்கத்தையும் அகலத் திறந்துவிட்டு உள்ளே போனாள். கடலேரிக்கு மேலாக அவளுடைய அழுகுரல் வந்தபோது, கரையில் நின்ற கொக்குகள் எழும்பின. தூரத்தில் தங்கராசா சைக்கிளை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்.

எமில்டா போனை வலது கையால் தலைக்கு மேலே தூக்கி வீட்டுப் பக்கமாகப் பிடித்தாள். கை உளைந்தது. மற்றக் கையையும் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். திரை அந்தப் பக்கம் பார்த்திருந்ததால், அவனுடைய முகம் அவளுக்குத் தெரியவில்லை.