தேவிஸ்ரீ தூக்கிய கை

செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு தேவிஸ்ரீ தூக்கிய வலது கை அதற்குப் பிறகு இறங்கவில்லை. மலாக்காவில், ரெம்பியாவுக்கு அப்பால், ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுக் கட்டிய பல்கலைக்கழகத்தின் மேல்மாடிக் கூட்ட அறையில் அது நடந்தது. மாணவர் நலக் குழுவின் மாதக் கூட்டம். தேவிஸ்ரீ மாணவர் பிரதிநிதி, அந்த வருஷத் தேர்தலில் ஜெயித்து வந்தவள். முடிவெடுப்பதில் மாணவர்களும் பங்காளிகள் என்று பல்கலைக்கழகம் வாசலில் பேனர் கட்டியிருந்தது. கேட்பதற்கு அவளிடம் ஒரு கேள்விதான் இருந்தது. மலாக்கா மாநிலத்துக்குள் வீடு உள்ள மாணவர்களுக்கு ஹாஸ்டல் கிடையாது, வீடு பக்கம்தானே என்பது விதி. மாலை லேப் முடிய ஏழு மணியாகும். சென்ட்ரல் பஸ் நிலையத்தில் இருந்து ஜாசினுக்கும் சுங்கை ரம்பாய்க்கும் போகும் கடைசி பஸ் அதற்குள் போய்விடும். ஆனால் ஹாஸ்டலில் ஒரு முழு பிளாக், வெளிநாட்டு விருந்தாளிகள் வந்தால் இருக்கட்டும் என்று, ஏர்கண்டிஷன் ஓடியபடி காலியாகக் கிடந்தது. ஏன்? அவ்வளவுதான் கேள்வி. டத்தோ பட்டம் பெற்ற குழுத் தலைவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். மாணவர் பேச வேண்டியது 'பிற விஷயங்கள்' என்ற கடைசிப் பொருளில் என்றார். அந்தக் கடைசிப் பொருளை எட்டுவதற்குள் எப்போதும் பிரியாணி வந்துவிடும். அன்றைக்கும் வந்தது. எல்லோரும் எழுந்தார்கள். தேவிஸ்ரீ கையை இறக்கப் பார்த்தாள். அது வரவில்லை.

முதல் சில வாரங்கள் சிரமமாக இருந்தன. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்பிலும் நரம்பிலும் குறை இல்லை. கை வலிக்கவுமில்லை, மரத்துப்போகவுமில்லை. டாக்டர் வைட்டமின் எழுதிக் கொடுத்தார். அவளுடைய அப்பா காளிமுத்து ஜாசினில் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். மகள் உட்காரும் இடத்துக்கு மேலே வேன் கூரையில் வட்டமாக ஓர் ஓட்டை போட்டார். ரோட்டில் மறித்த அதிகாரி வேனைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, மழைத்தண்ணீர் இறங்காமல் ரப்பர் வளையம் மாட்டச் சொல்லி அனுப்பினார். ரோட்டோரம் அவள் நின்றால் எந்தப் பஸ்ஸும் நின்றது. ஓட்டுநர்கள் திட்டினார்கள். விஷயம் தெரிந்த பிறகு ஒன்றும் நிற்கவில்லை, அவள் ஏறவேண்டிய பஸ் உட்பட. சட்டைகளைத் தோளில் பொத்தான் வைத்துத் தைத்துக்கொண்டாள். கூட்ட அறையில் மட்டும் ஒரு தொந்தரவு இருந்தது. புரொஜெக்டர் வெளிச்சத்தில் அந்தக் கையின் நிழல் எல்லாப் படங்களின் மேலும் விழுந்தது. அவள் நாற்காலியைத் தூணுக்குப் பின்னால் மாற்றினார்கள். அங்கிருந்தும் நிழல் விழுந்தது.

மாணவர் விவகாரத்தைப் பார்க்கும் துணைப் பதிவாளர் ஹரிதாஸ் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நானும் எஸ்டேட் பையன்தாம்மா. இப்படிச் செஞ்சா நம்ம பிள்ளைங்க பேருதான் கெடும். இறக்கு லா. டத்தோ உன் கையப் பாத்துட்டாரு, நோட் பண்ணிட்டாரு."

"பாத்தாரு சார். கூப்பிட்டாரா?"

"கூப்பிடுவாரு. எல்லாத்துக்கும் ஒரு புரோசிஜர் இருக்குல்ல?"

"கைக்கு அது தெரியல சார்."

ஜாசினில் அவள் குடியிருந்த தோட்டத்தில் அதை வேண்டுதல் என்று முடிவு செய்துவிட்டார்கள். தோட்டத்தை விட்டு வெளியே வேலைக்குப் போகிறவர்கள்தான் இப்போது அந்த வீடுகளில் இருக்கிறார்கள். ஒருவர் தொழிற்சாலைக்கு, ஒருவர் சூப்பர்மார்க்கெட்டுக்கு, ஒருவர் கிளினிக்குக்கு. ஆனாலும் ஓர் இளம்பெண் கையைத் தூக்கி இறக்காமல் நின்றால், அது அம்மனுக்கு என்பதைத் தவிர அவர்களுக்கு வேறொன்றும் தோன்றவில்லை. கோயில் கமிட்டி மஞ்சள் துணி கொண்டுவந்து மணிக்கட்டில் கட்டியது. தீமிதி அன்று முன்வரிசையில் நிறுத்தியது. காலில் விழுந்தார்கள். வாரக் கடைசியில் லாட்டரிக்கு நம்பர் எடுப்பவர்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

"இது வேண்டுதல் இல்ல, அங்கிள். கேள்வி. என்ன கேள்வின்னு ஒருத்தராவது கேட்டீங்களா?" என்று ஒருவரிடம் அவள் கத்தினாள்.

"கோவப்படாதம்மா. எத்தன வெரலு நீட்டியிருக்கன்னு மட்டும் பாத்துட்டுப் போயிடறேன்."

பக்கத்து வீட்டு மீனம்மா காலையில் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, கட்டி விற்பவர். அவர் மகன் காந்தன் தேவிஸ்ரீயின் பல்கலைக்கழகத்திலேயே இயந்திரவியல் படித்தான். பஸ்ஸைத் தவறவிட்டு சென்ட்ரல் பெஞ்சியில் பலமுறை படுத்தெழுந்தவன். ஹாஸ்டல் கேள்வியை முதலில் அவளிடம் சொன்னதே அவன்தான். வேறு வழியில்லாமல் அவனுக்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினார்கள். மீனம்மா அதை நேராக தேவிஸ்ரீ வீட்டு வாசலுக்குத் தள்ளிவந்தார். கை இறங்கித் தொடாது என்பதால் மகனையும் மோட்டாரையும் கைக்கு அடியில் நிறுத்தி, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்.

"அம்மா, இவ சாமி இல்லம்மா. என் ஹாஸ்டலுக்கு நிக்கிறா" என்றான் காந்தன்.

"எதுக்கு நின்னா என்ன? தூக்கின கை தூக்கின கைதான். வாய மூடிக்கிட்டு குனிடா."

அந்த வருஷக் கடைசியில்தான் குழு அந்தக் கையின் உபயோகத்தைக் கண்டுபிடித்தது. கேண்டீன் குத்தகையைப் பழைய ஆளுக்கே கொடுக்கலாமா என்று தலைவர் கேட்டார். ஆதரிப்பவர்கள் கையைத் தூக்கினார்கள். எழுத்தர் எண்ணினார். தேவிஸ்ரீயின் கை தூக்கித்தான் இருந்தது. அதையும் சேர்த்துக்கொண்டார். அவள் மறுத்தாள். வாய் ஒன்று சொல்கிறது, கை ஒன்று சொல்கிறது, விதிப்படி கைதான் கணக்கு என்று தலைவர் பொறுமையாக விளக்கினார். எதிர்ப்பவர்கள் கையைத் தூக்கும்படி அவர் அடுத்துக் கேட்டபோதும் அது தூக்கித்தான் இருந்தது. ஒருவர் இரண்டு முறை ஓட்டுப் போட முடியாது என்று எழுத்தர் அதை விட்டுவிட்டார். அதற்குப் பிறகு எல்லாம் ஏகமனதாக நிறைவேறின. கட்டணம் உயர்ந்தது. நூலகம் ஞாயிற்றுக்கிழமைகளில் மூடியது. மாலை லேப் இன்னும் அரைமணி நேரம் நீண்டது. எல்லாவற்றுக்கும் கீழே, மாணவர் பிரதிநிதியின் முழு ஆதரவுடன் என்று ஒரு வரி இருந்தது. பல்கலைக்கழகம் அந்தக் கையைப் படம் எடுத்துச் சின்னமாக்கியது. பங்காளித்துவத்தின் அடையாளம் என்று அது லெட்டர்ஹெட்டிலும் பஸ் நிறுத்தத்திலும் சாவிக்கொத்திலும் வந்தது. வேறு பல்கலைக்கழகங்களில் இருந்து பார்க்க வந்தார்கள். அவளை நடுவில் நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். என்ன கேள்வி என்று அவர்களும் கேட்கவில்லை.

காந்தன் வேறொன்று கேட்டான். அவள் வீட்டுக் கம்பிவேலிக்கு வெளியே, மோட்டாரை நிறுத்தாமலேயே கேட்டான்.

"உன்ன அனுப்பினது கேக்குறதுக்கு. நீ போயி ஓட்டுப் போட்டுட்டு வர்ற."

"நான் போடல டா. கைதான்."

"யாரு கை?"

அவள் பதில் சொல்வதற்குள் அவன் போய்விட்டான். அன்றைக்கே அவள் கையை இறக்கிவிடுவது என்று இறங்கினாள். மணிக்கட்டில் லாரிக்கயிறு கட்டி, மறுமுனையை மாமரத்து அடியில் கட்டினாள். கயிறு அறுந்தது. காளிமுத்து இரண்டு கைகளாலும் அதைப் பற்றித் தொங்கினார். அவர் கால்கள் தரையை விட்டு ஒரு முழம் மேலே நின்றன. அப்படியே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, "இது நம்ம எறக்கி எறங்காதும்மா. சம்பந்தப்பட்டவன் எறக்கணும்" என்றார். பதவியை விட்டு விலகுவதாக அவள் எழுதிக் கொடுத்தாள். மாணவர் பிரதிநிதி இல்லாமல் கூடினால் கூட்டம் செல்லாது என்ற விதியை அவர்களே எழுதியிருந்தார்கள். ஆகவே விலகல் ஏற்கப்படவில்லை. வராமல் இருந்தாள். பல்கலைக்கழகக் கார் தோட்டத்துக்கு வந்தது. அதன் கூரையில் ஏற்கெனவே ஓட்டை போட்டிருந்தார்கள்.

மலாக்கா மாநிலத்தவர்க்கு ஹாஸ்டல் இல்லை என்ற விதியை மேலும் நீட்டிக்கும் தீர்மானம் மழைக்காலத்தில் வந்தது. தேவிஸ்ரீ நாற்காலியின் மேல் ஏறி நின்றாள். எதிர்க்கிறேன் என்று மலாயில் சொன்னாள், இங்கிலீஷில் சொன்னாள், யாருக்கும் கேட்காததுபோல் இருந்ததால் தமிழிலும் சொன்னாள். தமிழ் தெரிந்த ஹரிதாஸ் தன் பேனா மூடியைத் தேடிக்கொண்டிருந்தார். ஏறி நின்றதில் அவள் கை விசிறிக்குப் பக்கத்தில் போய்விட்டது. யாரோ விசிறியை நிறுத்தினார்கள். அவள் பாதுகாப்பு முக்கியம் என்று தலைவர் சொன்னார். பிறகு கைகளை எண்ணினார்கள். பிரியாணி வந்தது. தேவிஸ்ரீ தன் தட்டை எடுத்துத் தலைவர் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பின்னால் இருந்த சுவரில் அடித்தாள். சுவரைத் துடைக்க ஆள் வந்தது. இன்னொரு தட்டு கொடுத்தார்கள்.

அந்த மாதமே ஒரு நாள் லேப் முடிந்து, அடைமழையில் காந்தன் மோட்டாரை எடுத்தான். ஜாசினுக்குத் திரும்பும் வளைவில் எண்ணெய் ஆட்டும் செம்பனைக் குலை ஏற்றிய லாரி வந்தது. லாரிக்காரர் ரோட்டில் உட்கார்ந்து அழுதார். செம்பனைப் பழங்கள் மழைத்தண்ணீரில் உருண்டு தோட்டத்துப் பாதை வரைக்கும் வந்தன.

மறுநாள் மதியம் மீனம்மா வீட்டு வாசலில் கூடாரம் போட்டிருந்தது. மழை விட்டிருந்தது. தேவிஸ்ரீ இடது கையால் வந்தவர்களுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தாள். ஜனங்கள் அவளுடைய வலது கையைக் கூடாரத்துக் கம்பத்தைச் சுற்றிப் போவதுபோல் சுற்றிக்கொண்டு போனார்கள். அந்த நேரத்தில் பல்கலைக்கழகக் கார் வந்தது. குழுத் தலைவர் பூ அச்சிட்ட பாத்தேக் சட்டையில் இறங்கினார். ஹரிதாஸ் மலர்வளையத்தைத் தூக்கிவந்தார். அதன் நாடாவில் கைச் சின்னம் அச்சாகியிருந்தது. காளிமுத்து அதை வாங்கி, நாடாவைப் பிய்த்துச் சாக்கடையில் போட்டுவிட்டு, பூவை மட்டும் உள்ளே கொண்டுபோனார். தலைவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். வெகுநேரம் செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஹரிதாஸின் காதில் ஏதோ சொன்னார்.

"தேவிஸ்ரீ, டத்தோ கேக்குறாரு. அன்னைக்கு என்ன கேக்கணும்னு கையத் தூக்கினன்னு. இப்ப சொல்லலாமாம்" என்றார் ஹரிதாஸ்.

எல்லோரும் கையைப் பார்த்தார்கள். அது அப்படியே இருந்தது.

"எனக்கு இப்ப ஒண்ணும் இல்ல சார். அத்தைக்கு இருக்கு."

மீனம்மா மகனின் தலைமாட்டில் இருந்து எழுந்து வெளியே வந்தார். அவர் எந்தக் கூட்டத்திலும் உட்கார்ந்ததில்லை. பெரியவர்களிடம் கேள்வி கேட்க இதுதான் முறை என்று நினைத்தோ என்னவோ, வலது கையைத் தலைக்கு மேலே தூக்கினார். அந்தக் கையும் அங்கேயே நின்றுவிட்டது. அதைப் பார்த்து யாரும் வியக்கவில்லை. பக்கத்தில் இருந்த பெண் சரிந்த முந்தானையை எடுத்து அவருடைய இடது கையில் கொடுத்தாள். யாராவது கூப்பிடட்டும் என்று மீனம்மா காத்திருக்கவில்லை.

"டத்தோ, இந்தப் பிள்ளைய அன்னைக்கே பேச விட்டிருந்தா, என் மவன் நேத்து ராத்திரி அங்க எந்த ரூம்ல படுத்திருப்பான்?"