சித்திரை மாதத்துச் சீட்டி

விலங்கியல் படித்த எனக்கு அரசாங்கம் கொடுத்த வேலை ரெவின்யூ இன்ஸ்பெக்டர். தவளை அறுத்த கையால் வரப்பு அளந்துகொண்டிருந்தேன். குத்தகைதாரர் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்த மறுவருஷம் அது, 1970, வைகாசி. ஊருக்கு ஊர் தகராறு. குடவாசல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஐந்து மா நிலத்தின் பஞ்சாயத்து என் தலையில் விழுந்தது.

மனுப் போட்டவர் தங்கையன். ஏழு வருஷமாக அந்த நிலத்தைக் குத்தகைக்குச் செய்வதாகச் சொன்னார். பெயர் ஏறினால் யாரும் அவரை அசைக்க முடியாது. ஏறாவிட்டால், ஆற்றில் தண்ணீர் வந்ததும் வேறு ஆள் ஏர் பூட்டுவான். கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. எதிர்த்தரப்பில் பண்ணையின் ஏஜெண்டு செல்லதுரை, குடையும் கனைப்புமாக.

"இவன் கூலியாளு சார். நடவுக்கும் அறுப்புக்கும் வருவான், கூலிய வாங்கிட்டுப் போவான். மத்த நாள்ல இந்த வயல்ல இவனுக்கு என்ன வேலை?"

வயல் வரப்பில் நின்றே சாட்சி கேட்டேன். ஊரில் பாதிப் பேர் பண்ணைக்கு வேண்டியவர்கள், மீதிப் பேர் பயந்தவர்கள். தங்கையனின் மனைவி அம்சம் மட்டும் பொரிந்தாள். "கோடையில எரு அடிச்சது யாரு, வரப்பு வெட்டுனது யாருன்னு இந்த மண்ணக் கேளுங்க சார்!" மண்ணின் வாக்குமூலத்துக்குப் படிவத்தில் இடமில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது, படிவத்தின் மேல்தான்.

அப்போது செல்லதுரைக்குப் பின்பக்கமிருந்து ஒரு சீட்டி. மூன்று முறை ஏறி, கடைசியில் புஸ்ஸென்று காற்றுப் போனது.

என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்த செல்லதுரை திரும்பாமலே எரிந்து விழுந்தார்.

"நிறுத்துடா தங்கையா! சித்திரை வெயில்ல எரு அடிக்கும்போதும் இதே சீட்டி, வரப்பு வெட்டும்போதும் இதே சீட்டி. வருசா வருசம் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. ஆபீசர் முன்னாலயுமா?"

அவருக்குப் பின்னால் தங்கையன் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றிருந்தார்.

சீட்டி மறுபடி வந்தது. மொட்டைத் தென்னையின் உச்சியில் கருப்பும் வெள்ளையுமாக ஒரு குண்டுக்கரிச்சான் குருவி, வாலைத் தூக்கிக்கொண்டு.

"ஒங்க சீட்டியாங்க?" என்று தங்கையனைக் கேட்டேன். வெட்கத்தோடு அடித்துக் காட்டினார். முன்பல் ஒன்று இல்லை. கடைசிச் சுரம் அந்தச் சந்தில் புஸ்ஸென்றது. குருவி ஓட்டையையும் சேர்த்தே பாடம் பண்ணியிருந்தது!

கல்லூரியில் தூங்கி வழிந்த ஒரு வகுப்பு அன்றுதான் எனக்கு உதவியது. இந்த மாதிரிக் குருவிக்குப் பாட்டு முழுதாகப் பிறவியில் வருவதில்லை. குஞ்சாக இருக்கும் சில மாதங்களில் காதில் விழுவது மூளையில் பதிகிறது. பிறகு தானே பாடிப் பார்த்து, தன் குரலை அந்தப் பதிவோடு ஒத்துப் பார்த்துத் திருத்திக்கொள்கிறது. இது குஞ்சு பொரிப்பது பங்குனி, சித்திரையில். அப்போது ஆற்றில் தண்ணீரும் இல்லை, வயலில் கூலி வேலையும் இல்லை. வெடித்துக் கிடக்கும் நிலத்தில் எவன் சீட்டியடித்துக்கொண்டு நிற்பான்? அதைத் தன்னுடையதாக நினைக்கிறவன்தான். இதை அங்கேயே சொன்னேன்.

செல்லதுரை சிரித்தார். "குருவி சாட்சியெல்லாம் செல்லாது சார்."

"செல்லாதுங்க. அதனால நீங்க சொன்னதத்தான் எழுதியிருக்கேன்."

சித்திரை, எரு, வரப்பு, வருஷா வருஷம் என்று வரி வரியாக வாசித்தேன். குருவி மூளையைப் பற்றி அவ்வளவு பேசிய எனக்கு அப்போதுதான் உறைத்தது: அதே சீட்டி ஏழு கோடையாக ஏஜெண்டு மூளையிலும் ஏறியிருக்கிறது. நுணலும் தன் வாயால் கெடும்.

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு பரவியதும் பயம் விட்டுப்போனது. "நாங்களும் கேட்டிருக்கோம் சார், கோடையில" என்று நான்கு பேர் முன்னால் வந்து கைநாட்டு வைத்தார்கள். சாகுபடிதாரர் என்ற கட்டத்தில் தங்கையன் பெயரை எழுதினேன்.

அவர் நம்பவில்லை. "அப்ப தண்ணி வந்ததும் நாந்தான் ஏர் கட்டுறதா சார்?"

"நீங்கதாங்க."

துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். "எந்திரிங்க, ஊரே பாக்குது" என்று அதட்டிய அம்சமும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.