பல் டாக்டர் துடைத்த குருவி

பல் டாக்டருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறைதான். பறவைச் சங்கம் வருடாவருடம் வெளியிடும் பதிவேட்டில், பதினோரு வருடமாக அவர் எடுத்த படம் ஒன்றுகூட வந்ததில்லை. ஓட்டைக் கேமராவை வைத்துக்கொண்டு திரியும் தபால்காரர் எடுத்ததே மூன்று முறை வந்துவிட்டது. அதை நினைத்தாலே டாக்டருக்கு வயிறு எரியும்.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை, குளத்தோரப் புதருக்குள் இதுவரை பார்க்காத ஒரு குருவி தென்பட்டதும், வெள்ளைப் பேன்ட்டோடு சேற்றில் மண்டியிட்டார். பொழுது சாய்ந்து கொண்டிருந்தது. கேமராவின் ஒளியுணர்வை, அதாவது ஐஎஸ்ஓவை, முடிந்த மட்டும் ஏற்றினார். ஏற்றினால் இருட்டிலும் படம் விழும். கூடவே மணல் தூவினாற்போல் பொடிப்புள்ளிகளும் விழும். படக்காரர்கள் அதை நாய்ஸ் என்பார்கள். கேமராவின் பின்திரையில் அவர் குருவியைப் பெரிதாக்கிக் காட்டியபோது, கூட வந்திருந்த மனைவி அந்தத் திரையை அப்படியே போனில் படமெடுத்து, "இதுக்குத்தான் ரெண்டு மணி நேரமா சேத்துல கெடந்தாரு" என்று அக்காவுக்கு அனுப்பினார்.

வீட்டில் துப்புரவுப் பணி தொடங்கியது. மாதச் சந்தா கட்டும் மென்பொருள் பாதிப் புள்ளிகளை விட்டுவைத்தது. ஒரே தடவையாக விலை கொடுத்து வாங்கியது குருவியைப் பீங்கான் பொம்மையாக்கியது. மூன்றாவது, இலவசமாக ஒன்பது நாள் மட்டும் ஓடும் ஏஐ மகராசன். ஒரே தட்டு, புள்ளி ஒன்றுகூட மிச்சமில்லை. நாள் முழுக்கப் பல்லில் கறை தேடுகிற மனிதர் சொக்கிப்போனார்.

"நெஞ்சுல ஏதோ இருந்துச்சேங்க?" என்றார் மனைவி.

"அது நாய்ஸ். உனக்கு இதெல்லாம் புரியாது."

வேலை முடிந்ததும் மூலப்படங்களை அழித்துவிடுவது அவர் வழக்கம். பிடுங்கிய பல்லை யாராவது பத்திரப்படுத்துவார்களா?

துடைத்த படத்தைப் பறவைச் சங்கத்துக்கு அனுப்பிய இரண்டாம் நாள் சங்கச் செயலாளர் போன் செய்தார். "படம் பளபளன்னு இருக்கு டாக்டர். ஆனா இது சாதா வெறும்நெஞ்சுக் குருவி. நம்மகிட்ட நானூறு படம் இருக்கு. விதின்னு ஒண்ணு இருக்கே, ஒரிஜினலையும் அனுப்பிடுங்க."

"அழிச்சுட்டேனே!"

"என் போன்ல ஒண்ணு கெடக்கு," என்று மனைவி அதை அனுப்பி வைத்தார்.

ஐந்தே நிமிடத்தில் செயலாளர் மறுபடியும் கூப்பிட்டார், மூச்சிரைக்க.

"டாக்டர்! நெஞ்சு பூரா புள்ளி! வரிசை வரிசையா! நாய்ஸ் எங்கயாவது வரிசையில நிக்குமா? இது நம்ம பக்கம் இதுவரைக்கும் யாருமே படம் பிடிக்காத பறவை!"

டாக்டர் துள்ளி எழுந்தார். "நான்தாங்க எடுத்தேன்!"

"நீங்க அனுப்பினதுல புள்ளியே இல்லையே, டாக்டர்."

பதிவேடு வந்தது. முதல் பக்கம் முழுக்கக் குருவி. சுற்றிலும் கேமராத் திரையின் விளிம்பு, மூலையில் ஒரு கட்டைவிரல். கீழே 'படம்' என்ற இடத்தில் மனைவியின் பெயர். டாக்டர் பக்கத்தைக் கண்ணுக்கருகே கொண்டுபோனார். அழுகை வருமோ என்று அவருக்கே பயமாக இருந்தது.

"கட்டைவிரல் என்னோடது," என்றார்.

"ஆமாங்க," என்றார் மனைவி. "நகத்துல சேறுகூட அப்படியே இருக்கு பாருங்க. நான் எதையும் துடைக்கல."