கதவு வைக்காத மதில்

இந்தக் காலத்து ஆட்களுக்குத் தோற்றால்கூட வெட்கம் கிடையாது என்பது கிழவரின் புலம்பல். தோற்றதோடு விடாமல், அதையே ரீப்ளே என்று திரையில் மறுபடி ஓடவிட்டு வேறு பார்க்கிறார்கள். தடுக்கி விழுந்தவன் எழுந்து போகாமல், எப்படி விழுந்தேன் என்று நின்று ரசிக்கிற கதைதான்.

அவர் ஒரு நூல் ஆலையின் கேட்டில் காவலுக்கு நின்றே காலத்தை ஓட்டியவர். எவனையும் நம்பாமல் இருந்ததற்குத்தான் தனக்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்று சொல்வார். மகன் கப்பல் வேலைக்குப் போனபின் வீட்டில் அவரும் மருமகளும்தான். அவள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். "சாப்டீங்களா மாமா?" என்பாள். "ம்" என்பார். அன்றைய பேச்சு அதோடு சரி.

மாலையில் அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். போர் விளையாட்டு. மரம் வெட்டி, தங்கம் தோண்டி, ஒரு ஊரை உண்டாக்கி, படை திரட்டி, எதிராளியின் ஊரைப் பிடிக்க வேண்டும். முறை வைத்து ஆடுவதெல்லாம் கிடையாது. இவள் யோசிக்கும் நேரத்தில் அவன் பாதி ஊரைக் கட்டிவிடுவான்.

புருஷன் திரும்பும்வரை பிறந்த வீட்டில் வந்து இரு என்று அவளுடைய அப்பா போனில் சொன்னதும், அவள் "பாக்கலாம்பா" என்றதும் கிழவர் காதில் விழுந்தன. போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, "அது என்ன கருமம், எனக்கும் காட்டு" என்றார்.

அவள் சிரிக்கவில்லை. அதை அவர் மறக்கவே இல்லை.

முதலில் சண்டையே கூடாது என்றுவிட்டாள். எதிரியே இல்லாத வெறும் மைதானத்தில், ஆட்டத்தின் தொடக்கத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஆட வேண்டும். வேலையாட்கள் பிறந்துகொண்டே இருக்க வேண்டும், ஒருத்தன்கூடச் சும்மா நிற்கக் கூடாது.

"சண்டை தானா வரும் மாமா. மொதல்ல வீட்டு வேலை நிக்காம நடக்கணும்."

எழுத்தைத் தேடி அவர் விரல் தடுமாறுவதைப் பார்த்து, கீபோர்டில் வேண்டிய பொத்தான்களுக்கு மட்டும் கலர் காகிதம் ஒட்டிக் கொடுத்தாள். கை தானாக ஓடத் தொடங்கியதும்தான் இன்டர்நெட்டில் நிஜ ஆட்களோடு ஆடவிட்டாள். எல்லோரும் அவரைத் துவைத்துக் காயப்போட்டார்கள். ஒவ்வொரு தோல்விக்கும் பிறகு ரீப்ளே. அதில் முதல் தப்பை மட்டும் பிடிக்க வேண்டும், அடுத்த ஆட்டத்தில் அதை மட்டும் திருத்த வேண்டும். மற்ற தப்பெல்லாம் காத்திருக்கட்டும் என்பாள். குரலை உயர்த்தாமல் அவருக்குத் தப்பைக் காட்டிய முதல் ஆள் அவள்தான். நன்றி நெஞ்சுவரைக்கும் வந்தது, நாக்குக்கு ஏறவில்லை.

ஒன்று மட்டும் திருந்தவே இல்லை. ஆட்டம் தொடங்கியதும் ஊரைச் சுற்றி மதில் கட்டிவிடுவார். அதற்குக் கதவும் வைக்க மாட்டார். வேவு பார்க்க ஒரு குதிரையைக்கூட வெளியே விடமாட்டார். "கேட்டுல நின்னவன் நான். வம்பெல்லாம் கதவு வழியாத்தான் வரும்."

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வந்தார், மகளைக் கையோடு கூட்டிப்போக. அவளுடைய பெட்டி கட்டித் தயாராக வாசலருகே இருந்தது. "இந்த ஒரு ஆட்டம் முடிஞ்சதும் கெளம்பலாம்பா" என்றாள். மாமனார் கம்ப்யூட்டரில், மருமகள் தன் லேப்டாப்பில், இருவரும் ஒரு பக்கம்; முகம் தெரியாத இருவர் எதிர்ப்பக்கம். ஜெயித்தால் ஒருவேளை இருப்பாளோ என்று கிழவருக்குள் ஒரு நப்பாசை. கண்ணை இமைக்காமல் ஆடினார்.

கல்லெறியும் வண்டிகள் வந்து அவருடைய மதிலை உடைத்தன. எதிரிகள் உள்ளே புகுந்து அந்த உடைப்பையும் அடைத்துக்கொண்டு நின்றார்கள். ஊர் எரிந்தது. எங்கே எதைச் செய்வது என்று தலைகால் புரியாமல் அவர் திணற, கொஞ்ச நேரத்தில் அவள் ஊரும் போனது. ஆட்டம் முடிந்தது.

மகளின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த சம்பந்தி குலுங்கிச் சிரித்தார். "சம்பந்தி, உதவிக்கு வந்தவளையே வெளிய நிறுத்திட்டீங்களே!"

கிழவருக்கு விளங்கவில்லை. எழுந்து போகவும் மனமில்லை. "அதத் திருப்பிப் போடும்மா" என்றார்.

தன் ஊரைப் பார்த்துப் பார்த்தே அவர் தவறவிட்டதெல்லாம் ரீப்ளேயில் தெரிந்தது. முதலில் எதிரியின் வேவுக்குதிரை ஒன்று அவருடைய மதிலைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது. தாக்குதல் தொடங்கிய கணமே அவளுடைய குதிரைப்படை முழுவதும் கிளம்பியிருந்தது. அவருடைய மதிலுக்கு வந்து, நுழைய வழியில்லாமல், அதைச் சுற்றிச் சுற்றி ஓடியது. அந்த நேரத்தில் அவள் ஊரில் காவலுக்கு ஒரு ஆள் இல்லை.

"உன் ஊரக் காலியா விட்டுட்டா வந்தே?"

"உங்க ஊரு எரிஞ்சுதே மாமா."

அவர் திரையைப் பார்த்தபடியே சொன்னார்: "ஒரு கதவு வெச்சிருக்கணும். அடுத்த ஆட்டத்துல வெக்கிறேன். நீ இருந்தா."

அவள் ரீப்ளேயை நிறுத்தினாள். பிறகு தன் அப்பா பக்கம் திரும்பினாள். "நீங்க சாப்ட்டுட்டுக் கெளம்புங்கப்பா. இவருக்கு இன்னும் வேவு பாக்கவே வரல. பாதியில விட்டா எல்லாத்தையும் மறந்துடுவாரு."

கிழவர் எழுந்தார். நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை. "இருந்தாலும் மதில்ல அந்த எடம் பலவீனம்னு அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது? இந்த மெஷின்தான் காட்டிக்குடுத்திருக்கு."

"வேவுக்குதிரை அனுப்புனான் மாமா. நீங்களும் ரீப்ளேல பாத்தீங்களே."

"அனுப்புனான், அனுப்புனான்" என்று முனகிக்கொண்டே, வாசலருகே இருந்த பெட்டியைத் தூக்கி அவள் அறைக்குள் வைத்துவிட்டு, துளியும் நம்பாதவராக அடுப்படிப் பக்கம் நடந்தார்.