சங்கரம்மாள் கேட்ட காவிப் பல் செட்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தபோது கிடைத்தது. அவர் சொல்லச் சொல்ல ஒரு கேள்வி கேட்க வழியில்லை. அதனால் முழுவதையும் நம்பிவிட்டேன்; முடிவைத்தான் அவர் சொல்லவில்லை. நடந்தது 1979, கோவில்பட்டி.

முதல் வரி: கரிசல் மண்ணில் மாலைச் சூரியன்...
(வேண்டாம். பல் ஆஸ்பத்திரிக்குள் சூரியனுக்கு என்ன வேலை?)

2

டாக்டர் வேணுகோபால் புதிதாகப் போர்டு மாட்டியவர். காலையில் சொத்தை பிடுங்குவார், மாலையில் அச்செடுத்துப் பல் செட் செய்வார். அவருடைய முதல் முழு செட் கடம்பூர்ப் பக்கத்துச் சங்கரம்மாளுக்கு. முத்துப்போல அமைந்துவிட்டது. (பழைய உவமைதான். வேறு தோன்றினால் எழுதி அனுப்புங்கள்.) டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை.

சில நாளில் அவள் திரும்பி வந்தாள். கூட வந்த வீட்டுக்காரர் சோலைச்சாமி, துண்டால் வாயைப் பொத்தியபடி வெளி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

"டாக்டரய்யா, இதுல கொஞ்சம் காவி ஏத்திக் குடுங்க."

அவர்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் அப்படி. குடித்து வளர்ந்த எல்லோருக்கும் பல் காவிதான்.

"வெள்ளையா இருந்தா நல்லதுதானம்மா?"

"எனக்கு நல்லதுதான். அவிய என் முன்னால சிரிக்க மாட்டேங்காவ. வாயைப் பொத்திக்கிட்டே பேசுதாவ. கல்யாணமான நாள்ல இருந்து பல்லைக் காட்டிச் சிரிச்ச மனுசன், டாக்டரய்யா."

3

இந்த இடத்தில் வேணுகோபாலை இரக்கப்பட வைக்கப் பார்த்தேன். மனிதர் மசியவில்லை. புது செட்டே காவியாக இருந்தால், செத்தவர் பல்லைக் கழுவி மாட்டுகிறான் என்று ஊர் பேசாதா? அப்புறம் அவரிடம் யார் வாயைத் திறப்பார்கள்? எனக்கே அவர்மேல் பாவமாக இருந்தது.

முடிவு அ: டாக்டர் மறுக்க, சங்கரம்மாள் செட்டைக் கழற்றி மேசைமேல்...
(இல்லை. பிறகு எப்படிச் சாப்பிடுவாள்?)

முடிவு ஆ: டாக்டர் சோலைச்சாமியை உள்ளே கூப்பிடுகிறார்.

"அண்ணாச்சி, வீட்டம்மா பல்லு நல்லா இல்லையா?"

"ரொம்ப அழகா இருக்கு. அதுல கைய வச்சிராதீங்க." துண்டை எடுத்துத் தோளில் போட்டார். "என் பல்லு பூராத்தையும் பிடுங்கிட்டு, அதே மாதிரி ஒண்ணு வச்சு விட்டுருங்க."

"ஒங்களுக்குக் கூறு இருக்கா?" என்று சங்கரம்மாள் அழுதுகொண்டே சிரித்தாள்.

4

சோலைச்சாமி நாற்காலியில் ஏறி வாயை அகலத் திறந்துவிட்டார். காவிதான், ஆனால் ஒரு சொத்தை கிடையாது. நல்ல பல்லைப் பிடுங்க எந்த டாக்டருக்குக் கை வரும்? வேணுகோபாலின் பதிலை எழுதி எழுதி அடித்துவிட்டேன்.

"சரி அண்ணாச்சி, நான்..."

அதற்கு மேல் ஓடவில்லை. பக்கத்தில் போய் நின்று, பொத்தாத அந்த வாயைச் சங்கரம்மாள் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். என்ன செய்ய என்று டாக்டர் என்னைப் பார்க்கிறார். நான் உங்களைக் கை காட்டிவிட்டேன்.