மேனேஜருக்கு உடம்பு சரியில்லை

குளிர்பெட்டியின் மோட்டார் கடகடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்ததும் மெக்கானிக் நாற்காலியிலிருந்து எழுந்து தரையில் மண்டியிட்டுவிட்டார். பெட்டிக்குள் படுத்திருப்பது தன் மனைவி என்பதும், சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் என்பதும் அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் காலமெல்லாம் வண்டிச் சத்தத்தைக் கேட்டே பிழைத்தவருக்குக் காது சும்மா இருக்குமா? தலையைச் சாய்த்துப் பெட்டியின் அடிப்பக்கத்தில் அந்தக் காதை வைத்தார்.

"மாமா, என்ன பண்றீங்க?" மனைவியின் தங்கை பதறிக்கொண்டு வந்தாள்.

"அடியில ஒரு போல்ட் ஆடுது. பட்டறையில போய் சின்ன ஸ்பேனரை எடுத்துட்டு வா."

"எல்லாரும் பாக்கறாங்க மாமா."

"பாத்தா பாக்கட்டும். அவளுக்கு இந்த மாதிரி சத்தம் ஆகாது."

ஸ்பேனர் வந்தது. ஒரு திருகு, அரைத் திருகு. சத்தம் நின்றது. கூடத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். வேலை முடிந்துவிட்டதே என்று பயமாக இருந்தது. அடுத்து என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

இன்னும் அழுகை வரவில்லை. யாரோ மண்டையில் ஓங்கி அடித்துவிட்டுப் போன மாதிரி காதுக்குள் ஒரே இரைச்சல். வருகிறவர்கள் கையைப் பிடித்து, "எப்படி ஆச்சு?" என்று கேட்டார்கள். அவர் நேற்றிலிருந்து ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமே இல்லீங்க. தலைவலின்னுகூட ஒரு நாள் படுத்ததில்ல. கல்லு மாதிரி இருந்தா."

நேற்றுக் காலையில் எப்போதும்போல, "என்னங்க, எந்திரிங்க. விடிஞ்சாச்சு" என்ற குரல் கேட்டுத்தான் அவர் எழுந்தார். சமையலறைக்குப் போனால், பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே அவள் கிடந்தாள். தொட்டுப் பார்த்தார். உடம்பு ஜில்லென்றிருந்தது. தலைக்கு மேலே கூண்டில் மேனேஜர் உட்கார்ந்து, "என்னங்க, எந்திரிங்க" என்று இன்னொரு தடவை சொன்னது.

மேனேஜர் என்பது அவர்கள் வீட்டுக் கிளி. சிறகு ஒடிந்து பட்டறைக்குள் வந்து விழுந்ததை அவள்தான் எடுத்து வளர்த்தாள். ஒரு துரும்பையும் நகர்த்தாமல், அடுத்தவர் வேலையை மட்டும் கழுத்தைச் சாய்த்து மேற்பார்வை பார்ப்பதால் அதற்கு அந்தப் பதவி. தொட்டிக்கு மேலே ஜன்னலோரம் அதன் கூண்டு. குக்கர் விசில், அவருடைய ஃபோன் மணி, கிளம்ப அடம்பிடிக்கும் ஸ்கூட்டர் என்று எல்லாச் சத்தமும் அதற்குக் கைவந்த கலை. அவள் குரலில் அது, "உப்பு போட்டாச்சா?" என்று கேட்டால் அவள் அடுப்பைப் பார்த்து, "போட்டாச்சு சார்" என்பாள்.

இப்போது சமையலறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. ஓட்டை பம்ப்பில் காற்றடிப்பது போல நீளமாக ஓர் இழுப்பு. அப்புறம் விட்டு விட்டுச் சின்னச் சின்ன மூச்சு.

"நேத்துலருந்து இதே பாட்டு. வாயில்லா ஜீவன், அதுக்கும் ஏக்கம்தான்" என்று மைத்துனி எழுந்துபோய்க் கூண்டின்மேல் துண்டைப் போட்டு மூடினாள். சத்தம் பாதியில் நின்றது.

ஏக்கமாவது ஒன்றாவது. அது மழைக்காலத்திலிருந்தே அப்படித்தான் இழுத்துக்கொண்டிருந்தது. முதல் தடவை கேட்டபோது அவர் கூண்டுக்கு முன் நின்று, கண்ணை மூடி, இன்ஜினைக் கேட்பதுபோலக் கேட்டு, "ஏர் பில்டர் அடைச்சிருக்கு" என்று தீர்ப்புச் சொன்னார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

அன்றிலிருந்து மேனேஜருக்கு ராஜவைத்தியம். தண்ணீரில் சொட்டு மருந்து, கூண்டுக்குப் பக்கத்தில் வெந்நீர்ச் சட்டி. இழுப்பு ஆரம்பித்தால் போதும், அவள் எங்கிருந்தாலும் வந்து துண்டைப் போட்டு மூடிவிடுவாள். "குளுருது பாவம்" என்பாள். போன வாரம்கூடப் பறவை டாக்டரிடம் போய் வந்தார்கள். ஸ்கூட்டரின் பின்னால் கூண்டை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்து வந்தாள். டாக்டர் கிளிக்குச் சோதனைகள் எடுத்துவிட்டு, அந்தச் சத்தத்தை ஃபோனில் பதிந்து அனுப்பச் சொன்னார். மெக்கானிக்கும் பதிந்து அனுப்பினார்.

அந்த டாக்டர்தான் இப்போது கூப்பிட்டார். சட்டைப் பையில் ஃபோன் அடித்ததும் மெக்கானிக் வாசல் பக்கம் போனார்.

"சார், கிளினிக்லருந்து பேசறேன். அம்மா நம்பருக்கு அடிச்சேன், எடுக்கல. பக்கத்துல இருக்காங்களா?"

அவர் திரும்பிக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார். "இங்கதான் இருக்கா. பேச முடியாது."

"பரவால்ல, நீங்களே சொல்லிடுங்க. நல்ல செய்திதான். மேனேஜருக்கு ஒரு நோயும் இல்ல. நெஞ்சு சுத்தமா இருக்கு. பறவைக்கு மூச்சு முட்டுச்சுன்னா வால் ஆடும், வாயத் திறந்து வச்சுக்கும். இதுக்கு ரெண்டும் இல்ல. நீங்க அனுப்பின சத்தத்தத் திருப்பித் திருப்பிக் கேட்டேன் சார். அது கிளியோட மூச்சே இல்ல. மனுஷங்க மூச்சு. யாரோ மூச்சு விட முடியாம கஷ்டப்படுறத தினமும் பக்கத்துலருந்து கேட்டுக் கத்துக்கிட்டிருக்கு."

அவர் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

"ஹலோ சார், கேக்குதா? வீட்டுல யாருக்காவது இளைப்பு இருக்கா? இருந்தா தள்ளிப்போடாம உடனே காட்டிடுங்க. இருதயமாக்கூட இருக்கலாம்."

"சரிங்க டாக்டர்" என்றார் அவர். "காட்டிடறேன்."

ஃபோனை வைத்த பிறகும் அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை. டாக்டரின் கிளினிக் மாடியில் இருந்தது. போன வாரம் பாதிப் படியில் அவள் கூண்டை வைத்துவிட்டு நின்றாள். "என்ன ஆச்சு?" என்று மேலே இருந்து கேட்டதற்கு, "மேனேஜர் கனக்கறாருங்க" என்றாள். கிளி என்ன கனம் கனக்கும்? அவர் அதைப் பெரிய நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு, பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

அவர் யாரிடமும் எதுவும் சொல்லாமல் கூடத்தைக் கடந்து சமையலறைக்குப் போனார். தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த மைத்துனியிடம், "கொஞ்சம் வெளிய இரும்மா" என்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் டம்ளரை அப்படியே வைத்துவிட்டுப் போனாள். அவர் கதவைச் சாத்தினார். கூண்டின் துண்டை எடுத்தார்.

மேனேஜர் ஒரு கண்ணால் அவரை அளந்தது. இறக்கையைக் கோதியது. அவர் தொட்டியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அவர் இத்தனை பொறுமையாக நின்று எந்த வண்டிக்காரனும் பார்த்ததில்லை.

இழுப்பு வந்தது. நீளமாக ஒன்று, அப்புறம் விட்டு விட்டு. இந்த முறை மூட யாரும் வரவில்லை. மேனேஜர் நிறுத்தாமல் தொடர்ந்தது. டொக், டொக் என்று ஒரு சத்தம். அது தொட்டியின் விளிம்பில் மோதிரம் இடிக்கும் சத்தம் என்பதை அவர் உடனே கண்டுகொண்டார். கீழே விழாமல் இருக்க இறுக்கிப் பிடிக்கும்போது வரும் சத்தம். மறுபடி இழுப்பு. பிறகு குழாய் திறக்கிறது. தண்ணீர் முகத்தில் அடிபடுகிறது. பிறகு குசுகுசுவென்று அவள் குரல்: "ஒண்ணுமில்லடா மேனேஜரு. ஒண்ணுமில்ல. பயந்துட்டியா? கத்தாத, அவரு எந்திரிச்சிடப் போறாரு."

கொஞ்சம் இடைவெளி.

"என்னங்க, எந்திரிங்க. விடிஞ்சாச்சு."

பளிச்சென்று, சந்தோஷமாக, பக்கத்து வீட்டுக்கும் கேட்கிறாற்போல. தினமும் காலையில் அவர் கேட்டதெல்லாம் இந்தக் கடைசித் துண்டு ஒன்றுதான். அதற்கு முன்னால் இவ்வளவு நடந்திருக்கிறது. ஒரு சுவர் தள்ளி அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கேட்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று மார்தட்டிக்கொண்ட மனுஷன்! அவருக்குத் தன் காதுகளைப் பிய்த்து எறிந்துவிடலாம்போல இருந்தது.

ஏன் சொல்லவில்லை என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. சமையலறைக் குழாய் ஒழுகினாலும் சரி, கட்டில் கால் ஆடினாலும் சரி, இந்தச் சில மாதங்களாக அவளிடம் ஒரே பேச்சுதான்: "பொண்ணுக்குப் பிரசவம் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்." தன்னையும் அந்த வரிசையில்தான் வைத்திருக்கிறாள்.

கதவு தட்டப்பட்டது. "அப்பா?"

மகள். நிறைமாதம். வெளியூரிலிருந்து நேற்று மாலை வந்ததிலிருந்து அழுது அழுது, கொஞ்ச நேரம் முன்புதான் உள்ளறையில் படுத்தாள். அவர் அவசரமாகத் துண்டைக் கூண்டின்மேல் போட்டார். மனைவி செய்ததையேதான் தானும் செய்கிறோம் என்று கை துண்டை விட்ட பிறகுதான் உறைத்தது.

மகள் உள்ளே வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"வண்டி வந்துடுச்சாம். சித்தி உங்களக் கூப்பிடறாங்க."

"வரேம்மா."

"அம்மா குரல் கேட்டுச்சுப்பா. தூக்கிவாரிப் போட்டுடுச்சு. அப்புறந்தான் மேனேஜர்னு புரிஞ்சுது." துண்டின்மேல் கையை வைத்தாள். "இத நான் எங்கூடக் கொண்டுபோறேன். பாப்பாவுக்கு அம்மா குரலாவது தெரியட்டும்."

கொடுக்கலாம். கிளி அங்கேயும் காலையில் இழுக்கும், மோதிரத்தால் தட்டும், முகம் கழுவும். ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இவள் முழுவதையும் கேட்பாள். கொடுக்காமலும் இருக்கலாம், ஏதோ ஒரு பொய்யைச் சொல்லி. நோய்க் கிளி, பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டுக்கு ஆகாது என்று சொன்னால் நம்பிவிடுவாள். தெரிந்தால், என்னால்தானே அம்மா வாயைத் திறக்கவில்லை என்று இவள் உயிருள்ளவரை அரித்துக்கொள்வாள். அதுவும் இந்த உடம்போடு.

"அது சீக்குப் பிடிச்ச கிளிம்மா" என்றார்.

"தெரியும். அம்மா ஃபோன்ல பேசறப்பல்லாம் பின்னால அந்த இழுப்பு கேக்கும். என்னம்மா அதுன்னு கேட்டா, மேனேஜருக்கு உடம்பு சரியில்லடீம்பாங்க." அவள் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. "அப்பா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"நேத்து கார்ல வரப்பலேருந்து மண்டையக் குடையுது. போன வாரம் அம்மா கடைத்தெருவுலேருந்து பேசினாங்க. பாப்பாவுக்குத் துணி எடுக்க வந்திருக்கேன், படியேறிக்கிட்டிருக்கேன்னாங்க. அப்பவும் அந்தச் சத்தம் கேட்டுச்சுப்பா." அவள் துண்டிலிருந்து கையை எடுத்தாள். "கடைக்குமா மேனேஜரத் தூக்கிட்டுப் போனாங்க?"

அவர் மகளின் கண்களைப் பார்த்தார். ஆமாம் என்று சொல்லிவிடேன் என்று அவை கெஞ்சிக்கொண்டிருந்தன. நாற்காலி இழுபடும் சத்தமும் ஆட்கள் எழும் சத்தமும் கூடத்திலிருந்து வந்தன.

"மாமா, எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க" என்று மைத்துனி கதவுக்கு வெளியே நின்று சொன்னாள்.

"கொஞ்சம் இருக்கச் சொல்லு" என்றார்.

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். சுவரோரம் கிடந்த முக்காலியை எடுத்துக் காலால் தட்டி, ஆடவில்லை என்று பார்த்து, கூண்டுக்கு எதிரே போட்டார். மகளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"உக்காரும்மா."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். அவர் துண்டை எடுத்தார். வெளிச்சம் பட்டதும் மேனேஜர் கண்ணை மூடித் திறந்து, கம்பியில் நகர்ந்து, கழுத்தைச் சாய்த்து இருவரையும் பார்த்தது. கூடத்தில் யாரோ குளிர்பெட்டியின் மோட்டாரை நிறுத்தினார்கள். மகள் முக்காலியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்துகொண்டாள்.