கணக்குத் தெரியாத மிஷின்

எங்கள் பள்ளியின் ஒரே கம்ப்யூட்டருக்குக் கணக்கு வராது. கேலியில்லை, நிஜம். நல்ல மிஷின்களில் புள்ளி வைத்த எண்களைக் கணக்குப் போடத் தனியாக ஒரு சில்லு இருக்கும். மணிலாவில் எந்தப் புண்ணியவானோ கழித்துக்கட்டிய எங்கள் மிஷினில் அந்த இடம் காலி. படமும் காட்டாது. எழுத்தை மட்டும் காட்டும் பிரௌசர் ஒன்றை, பத்தாங்காஸில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் என் சிநேகிதன் டொமிங் இரண்டு பிளாப்பியில் போட்டுக் கொடுத்திருந்தான். இணையத்துக்கு டெலிபோன் லைன் வேண்டும். எங்கள் தீவுப் பள்ளிக்கு அது வந்ததே போன வாரம்தான். அதனால் இந்த வெள்ளிக்கிழமை வரை அதை ஓட்டிப் பார்த்ததில்லை.

லிப்ராடா எங்களிடம் ஐந்து வருடமாகத் தற்காலிக டீச்சர். ஜூனில் பள்ளி திறக்கும்போதெல்லாம் வேலை நிலைக்குமா என்று அவளுக்குத் தெரியாது. இப்போது மணிலாவில் ஒரு பள்ளி நிரந்தர வேலை தருகிறது. சம்மதத்தை அவர்களுடைய வலைப்பக்கத்தில் வெள்ளி மாலை ஐந்துக்குள் பதிய வேண்டும். தவறினால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். போனில் சொன்னால் செல்லாதாம். கடிதம் வந்ததே அன்று காலைப் படகில். அடுத்த படகு சனிக்கிழமை.

"பத்து நிமிஷ வேலை. நான் பாத்துக்கறேன்" என்றேன். என் வாய் சும்மா இருந்தால்தானே.

மதியம் ஒரு மணிக்கு உட்கார்ந்தேன். பிரௌசர் பெயரைத் தட்டினால் ஒரே ஒரு வரி வந்தது. கணக்குச் சில்லு இல்லையாம், ஓட மாட்டானாம். அணைத்துப் போட்டேன். அதே வரி. மேலே இரண்டு தட்டு தட்டினேன். அதே வரி.

"படிக்கத்தானேடா சொன்னேன்? உன்னை யாரு கூட்டிக் கழிக்கச் சொன்னா?" என்று திரையைப் பார்த்துக் கத்தினேன்.

"மனோங், டொமிங்கைக் கேட்டுப் பாருங்களேன்" என்றாள் லிப்ராடா. வயதில் மூத்தவன் என்பதால் நான் அவளுக்கு மனோங், அதாவது அண்ணன்.

"அவனையா? அடுத்த ஃபியஸ்டாத் திருவிழா வரைக்கும் சொல்லிக் காட்டுவான். நீ சும்மா இரு."

மூன்றரைக்கு மறுபடி கேட்டாள். "வேண்டாம்னேன்ல!" என்று எரிந்து விழுந்தேன். மிஷின் மேல் இருந்த கோபமெல்லாம் அவள் மேல் போயிற்று.

நாலே முக்காலுக்கு அவளே டொமிங்குக்குப் போன் போட்டு என் கையில் திணித்தாள்.

"சில்லு இல்லாத மிஷினுக்குன்னே ஒரு ஃபைல் வச்சேனே! அதுதான் சில்லுக்குப் பதிலா கணக்குப் போடும். அது எங்க?" என்றான்.

நினைவு வந்தது. டிஸ்கில் இடம் போதவில்லை. படிக்கிற மிஷினுக்குக் கணக்கு எதற்கு என்று அந்த ஃபைலை அழித்தவன் நான்தான். அழித்துவிட்டு அங்கே சீட்டாட்டம் ஏற்றினேன். பிளாப்பிகளையும் துடைத்து வினாத்தாள் போட்டு வைத்திருந்தேன்.

"அழிச்சுட்டேன்."

"அட மடையா! ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். மூணு மணிக்குச் சொல்லியிருந்தா நானே இங்கேருந்து அவ பேரைப் பதிஞ்சிருப்பேனேடா! இப்ப இங்க கரண்ட் போயி முக்கா மணி நேரமாச்சு."

அவன் குரல் ஊருக்கே கேட்கும். லிப்ராடா போனை வாங்கித் தன் விண்ணப்ப எண்ணை நிதானமாகச் சொன்னாள். "கரண்ட் வந்தா போட்டுடுங்க. லைன்லயே இருக்கோம்" என்றாள். என் பக்கம் திரும்பி, "மத்தியானமே சொன்னேன் மனோங்" என்றாள். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஐந்தடித்தது. வெள்ளிதோறும் ஐந்துக்குக் கொடி இறக்க வேண்டும். அப்போது தேசிய கீதத்தை எடுத்துக் கொடுப்பவள் லிப்ராடா. "டீச்சர், எல்லாரும் நிக்கிறாங்க!" என்று தலைமையாசிரியை கூப்பிட்டார். அவள் போனை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

நான் ஜன்னலருகே நெஞ்சில் கை வைத்து நின்றேன். அவள் குரல் ஓரிடத்திலும் பிசகவில்லை. எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. பாட்டின் கடைசி வரியில் மேஜைமேலிருந்து டொமிங் கத்தினான். "கரண்ட் வந்துடுச்சு!"

அவள் திரும்பி வந்தபோது போன் என் கையில் இருந்தது.

"போட்டாச்சா?"

"அஞ்சு மணிக்கே பக்கத்தை மூடிட்டாங்களாம்."

லிப்ராடா பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"அப்ப திங்கக்கிழமை கொடி ஏத்தறப்பவும் நான்தான் பாடணும்" என்றாள்.